முடி விடும் வாரத்தில் மழை இல்லையென்றால்

சித்தப்பா சமையலறை மேசையில் இரண்டு சோளக்கதிரை வைத்தார். இரண்டும் ஒரே நிலத்தில் விளைந்தவை. விதையும் ஒன்று, உரமும் ஒன்று, விதைத்த தேதியில் மட்டும் பத்து நாள் வித்தியாசம். முதலில் விதைத்ததை உரித்தால் அடியிலிருந்து நுனி வரை மணி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பின்னால் விதைத்ததில் அடிப்பக்கம் மட்டும்தான் ஒழுங்கு. நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே இடைவெளி, நுனியில் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் சக்கை. “இத எவன்டா வாங்குவான்?” என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பஹாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெரிந்தவர் ஒருவரின் சிறு நிலத்தில் பழைய செம்பனையைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். கன்று வளர்ந்து நிழல் கட்டும்வரை, ஏறத்தாழ இரண்டு வருஷம், வரிசைக்கு நடுவில் உள்ள இடம் சும்மா கிடக்கும். அதில்தான் இனிப்புச் சோளம் போடுகிறார். தமிழ்நாட்டில் இதை மக்காச்சோளம் என்பார்கள். நமக்கு இங்கே சோளம் என்றாலே இதுதான், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஆவி பறக்க வெண்ணெய் தடவிக் கொடுப்பது.

அந்த இரண்டாவது தவணைக்கு அப்படி என்ன ஆகிவிட்டது? ஜனவரிக் கடைசியில் பன்னிரண்டு நாள் மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். செடி கருகவில்லை, இலை பச்சையாகவே இருந்தது, தட்டை ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் நல்ல விளைச்சல் என்றுதான் நினைத்திருப்பார்கள். மடலை உரிக்கும்வரை நஷ்டம் கண்ணில் படவே இல்லை.

வறட்சி என்றதும் வெடித்துக் கிடக்கும் வயலைத்தான் நாம் நினைப்போம். மலேசியாவில் அந்தப் படம் பொருந்தாது. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. நெகிரி செம்பிலானின் உட்பகுதி கொஞ்சம் வறண்டது, உண்மைதான். மலைத்தொடரின் மறைவில் இருக்கும் ஜெலுபுவை நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று சொல்வார்கள். அங்கேகூட வருஷத்துக்குச் சராசரியாக 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். தானியத்துக்காக முற்ற விடும் சோளத்துக்கே ஒரு பருவம் முழுக்க 500 முதல் 800 மில்லிமீட்டர் போதும் என்பது ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்கு. எழுபது நாளில் ஒடித்துவிடும் இனிப்புச் சோளத்துக்கு அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். ஆக, காகிதத்தில் கணக்குப் போட்டால் பஹாவில் சோளத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரவே முடியாது.

ஆனால் வருகிறது. மழை எவ்வளவு பெய்தது என்பதோடு, எந்த வாரத்தில் பெய்யாமல் போனது, அந்த வாரத்தில் செடியின் வேர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

முதலில் வாரம். சோளச்செடியின் உடம்பிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. நெல்லில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உமிக்குள் அடக்கம். சோளத்தில் ஆண் பூ உச்சியில் கொண்டை மாதிரி விரிகிறது, பெண் பூ நடுத்தண்டில் கதிராக மடலுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் காற்று. கதிரில் மணியாகப் போகும் ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரே ஒரு முடி கிளம்பி, மடலுக்குள்ளேயே நீண்டு, நுனி வழியாக வெளியே வரவேண்டும். 500 மணி வேண்டுமென்றால் 500 முடி வந்தாக வேண்டும். மேலேயிருந்து உதிரும் மகரந்தத்தில் ஒரு துகளாவது ஒவ்வொரு முடியிலும் விழுந்து, முளைத்து, அந்த நூல் நெடுக உள்ளே இறங்கிப்போய்ச் சூலைத் தொட வேண்டும். சமைக்கும்போது தொந்தரவென்று நாம் பிய்த்துப் போடுகிற முடிதான் அத்தனை மணிக்கும் பாதை.

இந்த முடி பெரும்பாலும் தண்ணீர்தான். சைக்கிள் டியூபில் காற்று அடித்தால் விறைத்துக்கொள்வதுபோல, உள்ளே இருக்கும் நீரழுத்தம் தள்ளித்தான் அது நீள்கிறது. நல்ல ஈரம் இருந்தால் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட ஓடும். ஈரம் குறைந்தால் செடியில் மற்ற எதுவும் முகம் சுளிப்பதற்கு முன்பே முடி நின்றுவிடும். மேலே இருக்கும் ஆண் பூவுக்கு இந்த அவஸ்தை அவ்வளவாகக் கிடையாது. அது தன் நேரத்துக்கு விரிந்து மகரந்தத்தைக் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு செடி ஒரு வாரம்போலக் கொட்டும். அதில் ஒவ்வொரு துகளும் உயிரோடு இருப்பது சில மணி நேரம்தான், காற்று காய்ந்திருந்தால் அதுவும் இல்லை.

சாதாரணமாக ஆண் பூ கொட்டத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் முடி தலை நீட்டும். தண்ணீர் குறைந்தால் இந்த இடைவெளி ஒரு வாரம், அதற்கு மேலும் போகும். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு பெண்ணை அழைத்துவரும் கதைதான். கதிரின் அடிப்பகுதி முடிதான் முதலில் வெளியே வரும், நுனிப்பகுதி முடி கடைசியில். அதனால் தாமதத்தின் முழு அடியும் நுனி மேல் விழும். சித்தப்பா காட்டிய சக்கை நுனிக்கு ஒரு விளக்கம் இது.

வயலில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மகரந்தம் கொட்டி மூன்று நாலு நாள் ஆனதும் ஒரு கதிரை ஒடித்து, மடலை முடி அறுந்துவிடாமல் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். அப்புறம் காம்பைப் பிடித்து மெதுவாக உதற வேண்டும். கரு பிடித்த சூலின் முடி தானாகக் கழன்று விழும். பிடிக்காதது ஒட்டிக்கொண்டே நிற்கும். உதறிய பிறகு எங்கே முடி மிச்சம் இருக்கிறதோ அங்கே மணி வராது. ஒடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே விளைச்சலைப் பார்த்துவிடலாம். நாங்கள் மூன்றாவது தவணையில் அப்படிப் பத்துக் கதிரை உதறிப் பார்த்தோம். “இந்த வயசுல இதுக்குக் கோயில்ல சாமியாடற மாதிரி ஆடணுமா?” என்று சித்தி வாசலில் நின்று சிரித்தார்.

இந்த வாரத்தின் விலை என்ன என்பதை வேளாண் அறிவியல் வெகு காலத்துக்கு முன்பே அளந்துவிட்டது. 1953இல் ராபின்ஸ், டொமிங்கோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, பூக்கும் சமயத்தில் செடி ஒன்றிரண்டு நாள் வாடினாலே விளைச்சலில் ஏறக்குறைய 22 சதவீதம் போனது. ஆறு முதல் எட்டு நாள் வாடியதில் பாதி போனது. 1979இல் உணவு வேளாண் நிறுவனம் பயிர்வாரியாக ஓர் அளவுகோல் வெளியிட்டது. செடிக்குக் கிடைக்கவேண்டிய நீரில் பத்து சதவீதம் குறைந்தால், வளரும் பருவத்தில் விளைச்சல் 4 சதவீதம் குறையும், மணி பால் பிடிக்கும் பருவத்தில் 5 சதவீதம், முற்றும் பருவத்தில் வெறும் 2 சதவீதம். பூக்கும் பருவத்தில் மட்டும் 15 சதவீதம். தண்ணீர் குறைந்த அளவைவிடப் பெரிய நஷ்டத்தைக் கொடுப்பது இந்த ஒரு கட்டம்தான்.

கரு பிடித்துவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால் அதுவும் கிடையாது. தண்ணீர் குறைந்ததும் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கிளம்பி இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. துளை மூடினால் நீர் மிச்சம், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, சர்க்கரை உற்பத்தி சரிகிறது. பிறந்து ஒரு வாரமே ஆன இளங்கருவுக்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது, அன்றாடம் வரும் சர்க்கரையில்தான் பிழைப்பு. அது நின்றால் கரு சுருங்கி உதிர்ந்துவிடும். இங்கும் கடைசிப் பந்தியில் உட்காரும் நுனி மணிகளுக்குத்தான் முதலில் இலை காலியாகிறது. 1990களில் அமெரிக்காவில் ஜான் பாயரின் குழு ஒரு காரியம் செய்தது. தண்ணீர் இல்லாமல் வாடும் சோளத்தின் தண்டுக்குள் சர்க்கரைக் கரைசலை ஏற்றிப் பார்த்தார்கள். தாகம் அப்படியே இருந்தும் உதிர்ந்திருக்க வேண்டிய கருக்களில் கணிசமானவை பிழைத்துக்கொண்டன. வறட்சி மணியைக் கொல்வது நேரடித் தாகத்தால் மட்டும் அல்ல, பட்டினியாலும்தான் என்று அது காட்டியது.

மற்ற பருவங்களை வேகமாகக் கடந்துவிடலாம். முழங்கால் உயரத்தில் கொஞ்சம் காய்ந்தால் செடி குட்டையாகும், இலை சிறுக்கும், பிறகு மழை வந்தால் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். லேசாகக் காய்ந்தால் வேர் கீழே தேடிப்போகும் என்பதால் அதை நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. பூத்து முடிந்த பின் காய்ந்தால் மணியின் எண்ணிக்கை மாறாது, எடை குறையும். தானியச் சோளத்தில் அது சூம்பிய மணியாகத் தெரியும். இனிப்புச் சோளத்தை முடி விட்டு இருபது நாளில் ஒடித்துவிடுவதால் இங்கே அந்தக் கட்டம் ரொம்பக் குறுகியது.

இனி வேர். என் பார்வையில் பஹாவ் மாதிரி ஊரில் பாதிப் பிரச்சினை மண்ணுக்குள்தான் இருக்கிறது, வானத்தில் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டு நட்டால் ஒரு செடிக்குக் கிடைக்கும் தரை ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெயில் நாளில் நன்கு வளர்ந்த சோள வயலிலிருந்து 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். அப்படியானால் ஒரு செடிக்கு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். மண் அதைச் சேர்த்து வைத்திருக்கிறதா? இந்தப் பக்கத்து மண் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய நீர் சுமார் 10 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும் என்று கொள்வோம். அதில் பாதியைத்தான் செடி சிரமமில்லாமல் உறிஞ்சும். வேர் 90 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கையில் 45 மில்லிமீட்டர், ஒன்பது நாள் தாங்கும். வேர் 30 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் 15 மில்லிமீட்டர். மூன்றாம் நாள் மாலையோடு இருப்பு முடிந்தது.

செம்பனையும் பால்மரமும் நிற்கும் மலேசியச் செம்மண்ணில் சோளவேர் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான் மாட்டுகிறது. பல்லாயிரம் வருஷமாக மழை கழுவிக் கழுவி, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் போய், மண் புளித்துவிட்டது. புளிப்பைக் காட்டும் pH அளவு 4.5 பக்கமே நிற்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அந்தப் புளிப்பில் களிமண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. அலுமினியம் பட்ட வேர்நுனி தடித்து, பழுப்பேறி, குட்டை விரல் மாதிரி நின்றுவிடும். செம்பனையும் பால்மரமும் இதைச் சகித்துக்கொள்ளும். சோளத்துக்கு முடியாது. மேல்மண்ணில் ஜிஎம்எல், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள், போட்டிருப்பார்கள். அது கலந்த பதினைந்து இருபது சென்டிமீட்டரில் வேர் சந்தோஷமாக ஓடும். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத தரை போட்ட மாதிரி. அரை மீட்டர் கீழே ஈரம் இருக்கிறது, மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் கையில் ஒட்டுகிறது, செடியோ மேலே வாடி நிற்கிறது. சித்தப்பா இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பது வருஷம் இந்த மண்ணில் வேலை வாங்கியவர்.

இந்த ஊர் மண்ணை நம்பி ஏமாந்தவர்களின் வரலாறு ஒன்றும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1943 கடைசியில், சிங்கப்பூரிலிருந்து சீனக் கத்தோலிக்கர்களையும் யூரேசியர்களையும் பஹாவில் குடியேற்றினார்கள். ஃபூஜி கிராமம் என்று பெயர் வைத்து, காட்டை வெட்டிச் சொந்தச் சாப்பாட்டை விளைவித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நகரத்து ஆட்கள். மலேரியாவும் பசியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. விளைச்சல் பொய்த்ததற்கு மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாதுதான், ஆனாலும் காடு செழிப்பாக நிற்கிற இடத்தில் பயிரும் செழிக்கும் என்ற கணக்கு இங்கே அன்றே தப்பியிருக்கிறது.

இன்னொரு விநோதமும் இருக்கிறது. மழை அதிகமாகப் பெய்தாலும் அடுத்து வரும் வறட்சி கடுமையாகும். நவம்பர், டிசம்பரில் சாயங்காலம் ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையில் தாழ்வான பாத்தியில் தண்ணீர் தேங்கும். மூச்சு முட்டிய வேர் கீழே போகாமல் மேலேயே படரும். ஜனவரியில் வெயில் அடித்ததும் முதலில் வாடுவது அந்தப் பாத்திதான். ஈரமான இடம் முதலில் காய்கிறதே என்று குழம்பவே வேண்டாம்.

வறட்சி தாங்கும் விதை வாங்கினால் தீராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மெக்சிகோவிலிருக்கும் சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம் 1970களிலிருந்து டக்ஸ்பென்யோ என்ற ரகத்தில் வறட்சிக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்துவந்தது. விளைச்சல் உயர்ந்தது. காரணம் தேடியபோது, செடி கூடுதலாக வேர் விட்டதாகத் தெரியவில்லை, மேல்மண்ணில் வேரின் எடை குறைந்தே இருந்தது. மாறியது முக்கியமாக ஆண் பூ கொட்டுவதற்கும் முடி வருவதற்கும் நடுவிலுள்ள அந்த நாள் இடைவெளி. முடி நேரத்தோடு வெளியே வந்தது, கதிருக்குப் போகும் பங்கு கூடியது. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய பல ரகங்கள் இந்த வழியில் உருவானவை. பாசார் மாலாமில் கேட்பது இனிப்பு மட்டும் என்பதால் நம் கடையில் கிடைக்கும் இனிப்புச் சோள விதையில் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது.

நம்மில் சோளம் நடாதவர்களையும் முடி விடும் இந்த வாரம் தொடுகிறது. மலேசியாவில் கோழித் தீவனத்தில் பாதிக்குப் பக்கம் தானியச் சோளம்தான். ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, பெரும்பங்கு அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். 2012இல் அமெரிக்காவின் சோளப் பிரதேசத்தில் சரியாக முடி விடும் ஜூலையில் வெயில் வறுத்தெடுத்தது. ஏக்கருக்குச் சராசரி சுமார் 3.1 டன்னாக விழுந்தது, அடுத்த வருஷமே அது சுமார் 4 டன்னுக்குத் திரும்பியது. 2012 ஆகஸ்டில் சிகாகோ சந்தையில் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, எட்டு டாலரைத் தாண்டியது. 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அதற்கு உக்ரேன் போர் உட்படப் பல காரணம். தீவன விலை ஏற்றம் அதில் பெரியது, தென்னமெரிக்காவின் வறட்சிக்கும் அந்த ஏற்றத்தில் பங்கு உண்டு. எங்கோ ஒரு வயலில் முடி தாமதமானது, பஹாவ் மார்க்கெட்டில் கோழிக்கு வரிசை நின்றோம்.

சரி, சித்தப்பா என்ன செய்தார்? குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலான் அரசு நீர் நெருக்கடி அறிவித்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. நிலத்தோரம் ஒரு பழைய கான், அதாவது வடிகால், இருக்கிறது, அதில் ஒரு சின்ன பம்ப் போட்டார். முழு நிலத்துக்கும் எல்லா நாளும் இறைக்க அது பத்தாது. அதனால் செடி முழங்கால் உயரத்தில் இருக்கும்போது பெட்ரோல் செலவழிப்பதை நிறுத்திவிட்டார். கொண்டை எட்டிப்பார்க்கும் நாளிலிருந்து முடி பழுப்பேறும் நாள்வரை மட்டும் இறைக்கிறார். எப்போது இறைக்க வேண்டும் என்பதற்கு இலையையே பார்க்கிறார். மத்தியானம் ஒரு மணிக்கு இலை சுருண்டால் பயப்பட மாட்டார், அது வெயிலுக்குக் குடை மடக்குவது மாதிரி. காலை எட்டு மணிக்கே, பனி காயுமுன்பே, இலை வெங்காயத்தாள் மாதிரி சுருண்டு நின்றால் அன்றைக்கு பம்ப் ஓடியாக வேண்டும்.

செம்பனை மில்லில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெறுங்குலையை ஒரு லாரி இறக்கி வரிசைக்கு நடுவே பரப்பினார். தரை சூடு குறைந்தது, ஈரம் கூடுதலாக இரண்டு நாள் நின்றது. பக்கத்தில் போனால் நாற்றம்தான் தாங்கவில்லை. சுண்ணாம்பை மேலே தூவிவிட்டுப் போகாமல் இந்த முறை ஆழமாகக் கொத்திக் கலந்தார். முதுகு போய்விட்டது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மற்றது நாள்காட்டி. விதைத்த நாளிலிருந்து ஐம்பது நாள் எண்ணி, முடி விடும் வாரத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார். அந்த வட்டம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ, இரண்டாவது வறட்சி வரும் ஜூன், ஜூலையிலோ விழுந்தால் விதைக்கும் நாளைத் தள்ளுகிறார். முழுசாகத் தள்ள முடியாது. நோன்புப் பெருநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும்தான் விலை கிடைக்கும், அதற்கு வறட்சி மாதத்தில் பூத்தாக வேண்டிய வருஷமும் வரும். அதனால் நிலத்தை மூன்று துண்டாக்கிப் பத்துப் பத்து நாள் விட்டு விதைக்கிறார். மூன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும் என்று அவருக்கே தெரியும். மாட்டிய துண்டில் நுனி விழுந்த கதிர் வந்தால், சக்கையை நறுக்கிவிட்டு மணியை உதிர்த்துக் கப்பில் போட்டு விற்க சித்தி ஒரு மேசையும் வெண்ணெய் டப்பாவும் தயாராக வைத்திருக்கிறார். போன மாதம் அதற்கென்று ஒரு கேஸ் அடுப்பும் வாங்கினார்கள்.